இணையவழி மருத்துவ ஆலோசனைக்கு மருத்துவ ஆவணங்களைப் பெறுதலும் அளித்தலும்

இணையவழி மருத்துவ ஆலோசனை என்பது நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறோரிடத்திலும் இருக்க, காணொளி, தொலைபேசி அல்லது எழுத்துச் செய்தி வழியாக நடைபெறும் மருத்துவ உரையாடல் ஆகும். இதில் மருத்துவரால் நாடி பிடிக்கவோ, வயிற்றை அழுத்திப் பார்க்கவோ, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவோ இயலாது. நோயாளி சொல்வதும், திரையில் தெரிவதும், நோயாளி அனுப்பும் ஆவணங்களுமே அவருக்குக் கிடைக்கும் சான்றுகள். இவற்றுள் ஆவணம் மட்டுமே கடந்த காலத்தைப் பிழையின்றிச் சொல்லக்கூடியது. அந்த ஆவணங்களை மருத்துவமனையிடமிருந்து எவ்வாறு பெறுவது, மருத்துவருக்கு எவ்வாறு அளிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழகத்துக்கு இம்முறை புதிதன்று. 2000-ஆம் ஆண்டிலேயே ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா கிராம மருத்துவமனை, சென்னை அப்போலோ மருத்துவமனையுடன் செயற்கைக்கோள் வழியாக இணைக்கப்பட்டது. ஆயினும் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் மருத்துவரைப் பார்ப்பது பரவலானது 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கிற்குப் பிறகுதான். அவ்வாண்டு மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன. ஏப்ரலில் மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' இலவச ஆலோசனைச் சேவை வீடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதை அதிகமாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

கட்டைப்பையில் கிடக்கும் வரலாறு

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில், செங்குன்றம் சாலையை ஒட்டிய எங்கள் தெருக்களில், பெரும்பாலான வீடுகளில் மருத்துவ ஆவணங்கள் ஒரு துணிக்கடைக் கட்டைப்பையில்தான் இருக்கின்றன. பத்தாண்டு எக்ஸ்ரே பிலிம், பாதி கிழிந்த ஓ.பி. சீட்டு, மருந்துக்கடை ரசீது, காலாவதியான காப்பீட்டு அட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். நேரில் போகும்போது இந்தப் பையை அப்படியே மருத்துவர் மேசையில் வைத்துவிடலாம். அவர் தனக்கு வேண்டியதை உருவி எடுத்துக்கொள்வார். இணையவழியில் அந்த வசதி இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு பெற்றோருக்கு இணையவழியில் நேரம் பதிவு செய்கிறார்கள். மருத்துவர் திரையில் வந்து, "கடைசியாக கிரியேட்டினின் எவ்வளவு இருந்தது?" என்று கேட்கும்போது பெரியவர் பையைத் தேடப் போகிறார். பத்து நிமிட ஆலோசனையில் ஆறு நிமிடம் அதிலேயே கழிகிறது.

நேர விரயம் சிறிய இழப்பு. விடுபட்ட தகவலால் வரும் தீங்கு பெரியது. சிறுநீரகச் செயல்திறன் குறைந்தவருக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் மேலும் கேடு விளைவிக்கும். சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் அளவையும் சிறுநீரக நிலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதய வால்வு மாற்றியவர்கள் உட்கொள்ளும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையோடு வலி மாத்திரை சேர்ந்தால் உட்புற இரத்தக்கசிவு ஏற்படலாம். மூட்டுவலிக்காக மட்டும் பேசும் நோயாளி இவற்றில் ஒன்றையும் தானாகச் சொல்லமாட்டார். மூட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்றே நினைப்பார். பழைய ஆய்வறிக்கை ஒன்று திரையில் இருந்தால் மருத்துவர் கையில் எடுத்த மருந்தை மாற்றிவிடுவார்.

நோயாளியின் உரிமை

ஆவணம் கேட்பது மருத்துவமனையிடம் உதவி கேட்பது என்றே பலரும் எண்ணித் தயங்குகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிமுறைகளின் பிரிவு 1.3.1, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. பிரிவு 1.3.2, நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும் என்கிறது. வழங்க மறுப்பது அதே விதிமுறைகளின்படி தொழில் ஒழுக்கக் கேடு. மருத்துவக் கழகத்தின் இடத்தில் 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. 2023 ஆகஸ்டில் அது வெளியிட்ட புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் 2002-ஆம் ஆண்டு விதிகளே தொடர்கின்றன.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வெளியிட்ட நோயாளி உரிமைச் சாசனமும் இதையே வலியுறுத்துகிறது. படுக்கையில் இருக்கும்போதே கேட்டால் இயன்றவரை 24 மணி நேரத்திலும், வீடு திரும்பிய பின் கேட்டால் 72 மணி நேரத்திலும் தர வேண்டும் என்பது அச்சாசனத்தின் கூற்று. நோயாளியின் ஆவணங்களை இரகசியம் என்று கூறி அவரிடமே மறுக்க மருத்துவமனைக்கு உரிமையில்லை என மும்பை உயர் நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்துள்ளது.

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 3 ஆண்டு என்ற கணக்கு உள்நோயாளிகளுக்கானது. வெளிநோயாளியாகப் பார்த்த நாளின் குறிப்பு பல இடங்களில் நம் கையிலுள்ள ஓ.பி. சீட்டில் மட்டுமே இருக்கும்; மருத்துவமனையில் அதற்கு வேறு பிரதி இராது. அந்தச் சீட்டைத் தொலைத்தால் கேட்டுப் பெற எதுவும் இல்லை. உள்நோயாளியாக இருந்தவரும் 3 ஆண்டு முடியும் முன்பே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

எப்படிக் கேட்பது

மிக எளிதான நாள், மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் நாள். அன்று தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி என்ற சுருக்க அறிக்கையை வாங்கியவுடன் பெயர், வயது, நோயின் பெயர், செய்த சிகிச்சை, கொடுத்த மருந்துகள், மருத்துவர் கையொப்பம் ஆகியவை சரியா என்று அங்கேயே நின்று படிக்க வேண்டும். வலது கால் இடது காலாக மாறியிருந்தால் அன்றே திருத்துவது எளிது. ஆறு மாதம் கழித்துத் திருத்துவது எளிதன்று. ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கைத் தாளோடு படங்கள் உள்ள சி.டி. அல்லது இணைய இணைப்பையும் கேட்க வேண்டும். ஸ்டென்ட், செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர் போன்றவை பொருத்தப்பட்டிருந்தால் அவற்றின் அடையாள அட்டையையும் வாங்க வேண்டும். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா என்பதை அந்த அட்டையைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

காப்பீட்டில் பணம் கோருவோர் அசல் ஆவணங்களை நிறுவனத்திடம் ஒப்படைக்க நேரும். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளாதவர்கள் பின்னர் வெறுங்கையோடு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வீடு திரும்பிய பின் கேட்பதானால் எழுத்தில் கேட்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் மருத்துவ ஆவணப் பிரிவு என்று தனியே இருக்கும். அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலருக்கோ மருத்துவக் கண்காணிப்பாளருக்கோ எழுதலாம். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கீழ்க்கண்ட மாதிரி போதும்:

"ஐயா / அம்மையீர், (பெயர், வயது) ஆகிய நான் தங்கள் மருத்துவமனையில் (நாள்) முதல் (நாள்) வரை உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றேன். என் உள்நோயாளி எண் (எண்). தொடர் சிகிச்சைக்காக என் டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட், ஆய்வு முடிவுகள், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை 2002-ஆம் ஆண்டு மருத்துவத் தொழில் ஒழுக்க விதிமுறைகள் பிரிவு 1.3.2-இன்படி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல் கட்டணத்தைச் செலுத்துகிறேன். அடையாள அட்டை நகல் இணைப்பு."

இதில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் நாளுடன் முத்திரையோ கையொப்பமோ பெற வேண்டும். 72 மணி நேரம் என்பதைப் பின்னர் நிறுவ அந்த முத்திரைதான் சான்று. நோயாளியால் போக முடியாவிட்டால் மகனோ மகளோ நோயாளி கையொப்பமிட்ட அதிகாரக் கடிதத்துடனும் இருவரின் அடையாள அட்டை நகல்களுடனும் செல்லலாம். கள்ளிக்குப்பத்திலிருந்து சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு அம்பத்தூரில் மின்ரயில் ஏறிப் போய்வர அரை நாள் ஆகும். ஆகவே உள்நோயாளி எண், சேர்ந்த நாள், வார்டு ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு போவது இரண்டாவது நடையைத் தவிர்க்கும். எண் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால், பாவம், அந்த அலுவலரால்தான் என்ன செய்ய முடியும்!

அரசு மருத்துவமனை பதில் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு; உயிர் தொடர்பான தகவலாயின் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என அச்சட்டத்தின் பிரிவு 7(1) கூறுகிறது. தனியார் மருத்துவமனை மறுத்தால் மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவமனை மீது மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு. நடைமுறையில், விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய கடிதமே பெரும்பாலும் வேலையை முடித்துவிடுகிறது.

தாள் அழியும்

ஈ.சி.ஜி. எடுக்கும் தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வகையைச் சேர்ந்தது. ஓரிரு ஆண்டுகளில் கோடுகள் மங்கிவிடும். வெயில் பட்டால் இன்னும் விரைவாக. பத்திரப்படுத்துவதாக எண்ணி அதை லேமினேஷன் செய்தால் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துப்போகும். எடுத்த அன்றே படம் பிடித்து வைப்பதே வழி. பழைய ஈ.சி.ஜி. இதய மருத்துவருக்கு மிக மதிப்புள்ளது. இன்றைய வரைபடத்தில் தெரியும் மாற்றம் புதிதா, ஐந்து ஆண்டுகளாக இருப்பதா என்பதை அதை ஒப்பிட்டே சொல்ல முடியும்.

வெள்ளத்தையும் நினைக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் அம்பத்தூர், கொரட்டூர் பகுதிகளில் தண்ணீர் புகுந்த வீடுகளில் கீழ்த்தட்டில் வைத்திருந்த மருத்துவக் கோப்புகள் ஊறிக் கூழாயின. கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் பிரதி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

எதை அனுப்புவது

எல்லாவற்றையும் அனுப்புவது எதையும் அனுப்பாததற்குச் சமம். அறுபது படங்கள் வரிசையின்றி வந்தால் எந்த மருத்துவரும் பொறுமையாகத் திறந்து பார்க்கமாட்டார். தற்போதைய தொல்லை தொடர்பான அண்மைய அறிக்கை, அதற்கு முந்தைய ஒப்பீட்டு அறிக்கை ஒன்று, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல் ஆகியவை பெரும்பாலான ஆலோசனைகளுக்குப் போதுமானவை. சர்க்கரை நோயாளியாயின் எச்.பி.ஏ.1.சி. அளவு ஏறக்குறைய 3 மாதச் சராசரியைக் காட்டுவதால், ஓராண்டுக்கு முந்தைய அறிக்கை பயன்படாது. புற்றுநோய் குறித்து இரண்டாவது கருத்துக் கேட்போர் திசு ஆய்வு அறிக்கையை மட்டும் அனுப்பினால் போதாமற்போகலாம். திசுத் துண்டுகளையும் மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்திலிருந்து பெற்று, கேட்டால் அனுப்பத் தயாராக இருக்க வேண்டும்.

மருந்துப் பட்டியலில்தான் அதிகப் பிழை நேர்கிறது. "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு சிவப்பு மாத்திரை" என்ற விடை மருத்துவருக்கு ஒன்றும் சொல்லாது. அட்டையைப் படம் எடுத்து அனுப்பலாம் என்றாலோ, நம் மருந்துக்கடைகளில் பத்து மாத்திரை அட்டையை நான்காகவும் ஆறாகவும் வெட்டித் தருவதால் பெயர் ஒருவரிடமும் அளவு மற்றொருவரிடமும் போய்விடுகிறது. பெயரும் மில்லிகிராம் அளவும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குவது, இயலாதபோது ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. சித்த மருந்து, நாட்டு மருந்து, சத்து மாத்திரை ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மறைக்க வேண்டியதில்லை, மருத்துவர் கடிந்துகொண்டாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அலகையும் விட்டுவிடக் கூடாது. கனடாவிலோ பிரிட்டனிலோ பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருந்து திரும்பும் பெற்றோர் அங்கு எடுத்த ஆய்வறிக்கையைக் கொண்டுவருகிறார்கள். அதில் சர்க்கரை அளவு 7 என்றிருக்கும். அது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. நம் கணக்கில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம், அதாவது 18-ஆல் பெருக்க வேண்டும். கிரியேட்டினின் அங்கு 100 என்றிருந்தால் 88.4-ஆல் வகுக்க, நம் கணக்கில் ஏறக்குறைய 1.1 ஆகும். எண்ணை மட்டும் வாயால் சொன்னால் வீண் பீதி உண்டாகும். அலகும் இயல்பு அளவும் தெரியும்படி அறிக்கையை முழுப் பக்கமாக அனுப்ப வேண்டும்.

ஒரு பக்கச் சுருக்கம்

பள்ளியில் சுருக்கி வரைதல் என்று ஒரு பயிற்சி உண்டு. கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து எழுத வேண்டும். அதையே இங்கும் செய்யலாம். வீட்டில் படிக்கும் பேரன், பேத்தி இருந்தால் அவர்களிடமே ஒப்படைக்கலாம். ஒரே தாளில் பெயர், வயது, எடை, ஒவ்வாமை, உள்ள நோய்கள் தொடங்கிய ஆண்டுடன், செய்த அறுவைச் சிகிச்சைகள் ஆண்டுடன், இப்போதைய மருந்துகள் அளவுடன், கடைசி ஆய்வு முடிவுகள் நாளுடன் எழுத வேண்டும். இறுதியில் இன்று மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு வரியில் எழுத வேண்டும். அந்தக் கடைசி வரி பலருக்கும் கடினமாக இருக்கிறது. "உடம்பு சரியில்லை" என்பது கேள்வி ஆகாது. "மூன்று வாரமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை காரணமா?" என்பது கேள்வி.

படம் எடுப்பதற்குப் பகல் வெளிச்சம் சிறந்தது. தாளை மேசையில் விரித்து, கைப்பேசியை நேர் மேலே பிடித்து, பிளாஷ் இல்லாமல், நான்கு மூலைகளும் தெரியும்படி எடுக்க வேண்டும். பெயரும் நாளும் வெட்டுப்பட்ட அறிக்கை யாருடையது என்றே தெரியாது. எக்ஸ்ரே பிலிமை, வெள்ளைத் திரை மட்டும் காட்டும் கணினி முன்போ வெளிச்சமான சன்னல் முன்போ பிடித்து எடுக்கலாம். எலும்பு முறிவு போன்றவற்றுக்கு இது ஓரளவு உதவும், சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை இப்படி எடுத்து அனுப்புவதில் பயனில்லை, மூலக் கோப்பையே அனுப்ப வேண்டும். பல பக்கங்களை ஒரே பி.டி.எஃப். கோப்பாகச் சேர்த்து, பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இட்டால் கோப்புகள் தாமே கால வரிசையில் அமையும். ஆலோசனைக்கு ஒரு நாள் முன்பே பதிவேற்றிவிட வேண்டும்.

ஆபா எண்

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் வழங்கப்படும் 14 இலக்க அடையாளமே ஆபா எண். இதைப் பெறுவது விருப்பத்துக்குரியது, கட்டாயமில்லை. இதில் இணைந்த மருத்துவமனை, ஆய்வகங்களின் ஆவணங்களை நோயாளி தன் கைப்பேசிச் செயலியில் பார்க்கலாம். ஒப்புதல் தந்து மற்றொரு மருத்துவருக்குக் காட்டலாம். ஒப்புதலைத் திரும்பவும் பெறலாம்.

இதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவியுள்ளன. ஆபா எண் இருந்தால் இலவச சிகிச்சை கிடைக்கும் என்பது முதலாவது. காப்பீட்டு அட்டை வேறு, இது வேறு. எண் பெற்றவுடன் பழைய ஆவணங்கள் எல்லாம் தாமே வந்து சேரும் என்பது இரண்டாவது. இணைக்கப்படாத மருத்துவமனையின் ஆவணம் எதுவும் வராது. கட்டைப்பையில் உள்ளவற்றை நாமே படம் எடுத்து ஏற்ற வேண்டும்.

மருத்துவர் தரப்பில் உள்ள விதிகள்

2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் மருத்துவரையும் கட்டுப்படுத்துகின்றன. நோயாளியின் பெயர், வயது, முகவரி முதலியவற்றை அவர் கேட்டு உறுதி செய்ய வேண்டும். தம் பதிவு எண்ணை மருந்துச்சீட்டில் குறிப்பிட வேண்டும். நோயாளி அனுப்பிய அறிக்கைகளையும் தாம் எழுதிய மருந்துச்சீட்டின் பிரதியையும் பாதுகாக்க வேண்டும். முதன்முறை பார்க்கும் நோயாளிக்குச் சில மருந்துகளைக் காணொளி ஆலோசனையில் மட்டுமே எழுதலாம். போதை தரக்கூடிய சில வகைகளை இணையவழியில் எழுதவே கூடாது. ஒரே மருத்துவரை அதே நோய்க்காக 6 மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால் அது தொடர் ஆலோசனையாகக் கருதப்படும். அப்போது எழுதக்கூடிய மருந்துகள் கூடுதல். ஆகவே கடைசியாக நேரில் பார்த்த நாளைக் காட்டும் சீட்டும் அனுப்பத் தக்கதே.

நோயாளிக்குப் பதிலாகப் பிள்ளை பேசுவதானால், நோயாளி அருகில் இல்லாத நிலையில், அதிகாரக் கடிதமோ உறவைக் காட்டும் சான்றோ தேவைப்படும். இந்த நெறிகள் இந்திய எல்லைக்குள் நடக்கும் ஆலோசனைக்கு மட்டுமே பொருந்தும் என்பதை வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்குள்ள மருத்துவரைக் கேட்போர் அறிந்திருக்க வேண்டும்.

நெஞ்சுவலி, திடீரென ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், கடும் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு ஆவணம் தேடவும் வேண்டாம், இணையவழி ஆலோசனையும் வேண்டாம். 108-ஐ அழைக்க வேண்டும். அவசரமில்லாத சந்தேகங்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 உதவி எண் உள்ளது.

யாரிடம் போகிறது

நம் பகுதியில் அறிக்கையை அச்சிட வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறோம். அச்சான பிறகும் அந்தக் கோப்பு அவர் கணினியிலும் கைப்பேசியிலும் கிடக்கும். காய்ச்சல் அறிக்கை என்றால் பரவாயில்லை. கருத்தரிப்பு, மனநலம், எச்.ஐ.வி. போன்ற அறிக்கைகளை இப்படி அனுப்புவது சரியன்று. பென் டிரைவில் கொண்டுபோய், அச்சிட்டதும் அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வரலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையைப் போட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்பதும் அதே வகை. அறிக்கை யாருடையதோ அவரைக் கேட்டார்களா என்று பார்த்தால் பெரும்பாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆலோசனை முடிந்தபின் வரும் மருந்துச்சீட்டும் ஓர் ஆவணமே. இ-சஞ்சீவனியில் அது கோப்பாகக் கிடைக்கும். அன்றே இறக்கிச் சேமிக்க வேண்டும். தனியார் செயலிகளில் உரையாடல் பகுதியில் மட்டும் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். செயலியை நீக்கினாலோ கைப்பேசி எண்ணை மாற்றினாலோ கிடைக்காமற்போகலாம். சீட்டில் பெயர், நாள், பதிவு எண், கையொப்பம் உள்ளனவா என்று பார்த்து, அந்தப் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் ஒருமுறை தேடிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பிறகு அந்தச் சீட்டை ஒரு பக்கச் சுருக்கத்தோடு சேர்த்து வைத்து, மருந்துப் பட்டியலில் மாறியதைத் திருத்தி, அன்றைய நாளை மேலே எழுத வேண்டும்.